நசுங்காத நான்காவது எலுமிச்சம்பழம்

அலைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு இந்த மரியாதை. வேலையில் இருந்தவரை நான் வாயைத் திறந்தாலே ஆளாளுக்கு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் அப்படிக் கிளம்ப முடியாது. இதைப் படித்து முடித்தவர்களைத்தான் தொட்டிப் பக்கம் விட வேண்டும் என்று உங்கள் மேலாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கருவிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. கையேட்டைப் படிக்கச் சோம்பேறித்தனமாக இருந்தால் ஜெனிட்டா இருக்கிறாள், அவளிடம் போய்த் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாத ஒன்று உண்டு. பேனாவை உங்கள் கையில் திணித்து, "போடுங்க மேடம் கையெழுத்து" என்று நாலு பேர் சுற்றி நிற்கும்போது என்ன செய்வது என்பதை எந்தக் கையேட்டிலும் யாரும் எழுதவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் கடைசிவரை விளங்காது. முகப்பேரில் எங்கள் எதிர்வீட்டு அம்மாளிடம் ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினேன். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகள் மிதக்கின்றன அல்லவா, அவற்றைச் சின்னதாகச் செய்து பெரிய தொட்டியில் மிதக்கவிடுவோம், இயந்திரத்தால் அலை அடிப்போம், மேடையைச் சுற்றி எந்த இடத்தில் அலை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளப்போம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்பத்தூர்ல ஏதுங்க கடலு?" என்றார். மறுநாள் பேத்தியை நீச்சல் கற்றுக்கொள்ள எங்கள் தொட்டிக்கு அனுப்பலாமா, ஃபீஸ் எவ்வளவு என்று விசாரித்தார்.

எதிர்வீட்டு அம்மாளாவது பரவாயில்லை. ஒரு மழைக்காலத்தில் கொசு ஒழிப்புக்காரர் ஒருவர் கையில் எண்ணெய் வாளியோடு உள்ளே வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்ததும் அவருக்கு மயக்கம் வராத குறை. "இன்னாம்மா இது? ஒரு தேங்கா ஓட்டுல தண்ணி கீதுன்னாலே நாங்க கவுத்துட்டு வரோம். நீங்க ஏரியையே உள்ள வெச்சிகினு கீறீங்க!" என்று வாளியைத் தூக்கினார். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் அளவுக் கம்பிகளில் படலம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அவை காட்டுவது அத்தனையும் பொய். தொட்டியையே காலி செய்து கழுவ வேண்டியதுதான். எங்கள் பையன்கள் அவருக்குச் சுழற்சி, வடிகட்டி, குளோரின் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் வாளியை இறக்குவதாக இல்லை. நான் போய் அலை இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினேன். வந்த அலையில் அவருக்கு முழங்கால்வரை நனைந்தது. "இது தேங்குன தண்ணி இல்லம்மா" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை நடத்திக் காட்டிவிடுங்கள். அந்த யோசனை பின்னொரு நாள் எனக்குக் கைகொடுக்காமல் போனது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

அது ஆயுத பூஜை சமயம். நம் கூடத்தில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கும்போது பயப்படாதீர்கள். அலை இயந்திரத்துக்கு மாலை, கம்ப்யூட்டருக்குக் குங்குமம், வெல்டிங் மெஷினுக்கு வாழைக்கன்று, காபி மெஷினுக்கும் ஒரு பொட்டு. இதற்கெல்லாம் தலைவர் மெக்கானிக் ஏழுமலை. கள்ளிக்குப்பத்துக்காரர். வருடம் முழுவதும் ஒரு ஸ்பேனரைக்கூட இருந்த இடத்தில் வைக்கமாட்டார், ஆனால் அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு ஸ்பேனரையும் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்துக் கும்பிடுவார்.

நான் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். அளவுக் கம்பிகளில் மட்டும் சந்தனம் வைக்கக் கூடாது. நாம் புரோப் என்று சொல்வது இரண்டு மெல்லிய கம்பிகள்தான். தண்ணீரில் செங்குத்தாக நிற்கும். எவ்வளவு உயரம் நனைகிறதோ அதற்கேற்ப மின்சாரம் மாறும், அதை வைத்து அலையின் உயரத்தைக் கணக்கிடுகிறோம். கம்பியில் அழுக்கு ஒட்டினால் அதன் பேச்சை நம்ப முடியாது. ஏழுமலை இந்தச் சட்டத்தை ஒத்துக்கொண்டார், ஆனால் மனசே இல்லாமல். "எல்லாத்துக்கும் வெச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்கலன்னா அது கோச்சிக்காதா மேடம்?" என்றார். புரோபைத் தாங்கும் தண்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சமாதானம் செய்தேன்.

மறுநாள் விஜயதசமி. கடலில் மிதக்கப்போகும் ஒரு மேடைக்கான பெரிய சோதனை அன்றைக்குத்தான். அந்த நாளைக் குறித்தது நானில்லை. மேடையைக் கட்டப்போகும் நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரி குறித்தது. மும்பையிலிருந்து வந்திருந்தார், ஆனால் வேலப்பன்சாவடிப் பக்கம் வளர்ந்து அங்கேயே ஒரு கல்லூரியில் படித்த ஆள்தான். வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ்தான் வரும். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு மட்டும் கனமாகக் கட்டியிருந்தார். வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அலையைப் பற்றியதல்ல. "மேடம், ராகு காலத்துக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடலாம் இல்ல?"

விஷயம் இதுதான். நான்கு பெரிய தூண்கள் மிதக்கின்றன, அவற்றின் மேல் ஒரு தளம். தளத்தில் ஆட்கள் வேலை செய்வார்கள், தூங்குவார்கள், சாப்பிடுவார்கள். மிகப்பெரிய புயல் அலை வந்தாலும் தண்ணீர் அந்தத் தளத்தைத் தொடக் கூடாது. தளம் போதுமான உயரத்தில் இருக்கிறதா என்பதைத்தான் நாங்கள் சொல்ல வேண்டும். உயர்த்தினால் எடை கூடும், செலவு கூடும், வரைபடம் முழுக்க மாறும். அதனால் "போதும்" என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு சாயங்கால விமானத்தில் போய்விட வேண்டும் என்று அதிகாரி பறந்துகொண்டிருந்தார்.

நாங்கள் செய்த மாதிரி மேடை, நிஜத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. தளத்தில் குட்டிக் கட்டடங்கள், மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கிரேன். கருவிகளைப் பார்த்துக்கொண்ட ஜெனிட்டா தூத்துக்குடிப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அளவு கண்ணுக்குப் புரிய வேண்டும் என்று காகிதத்தில் மனிதர்களை வெட்டித் தளத்தில் நிறுத்தியிருந்தாள். ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தில் தொப்பிக்காரர் ஒருவர், சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே கரண்டியோடு ஒரு சமையல்காரர். ஆள் என் சுண்டுவிரலில் பாதிதான் இருப்பார். அவருக்குப் பேனாவால் மீசை வரைந்து ஏப்ரனும் கட்டிவிட்டிருந்தாள். அதிகாரி அந்தச் சமையல்காரரை மட்டும் பத்துப் போட்டோ எடுத்தார்.

தொட்டியின் குறுக்கே, இரண்டு கரையிலும் தண்டவாளத்தில் ஓடும் பாலம் இருக்கிறதே, அதில் ஏறித்தான் நடுத்தொட்டியில் மிதக்கும் மாதிரியிடம் போக முடியும். அதை மாதிரிக்கு மேலே கொண்டுவர வேண்டும். ஏழுமலை நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழத்தை வைத்தார். புது வண்டிக்கு வைப்போமே, அதே சம்பிரதாயம். பாலம் நகர்ந்தது. மூன்று பழங்கள் ஒழுங்காக நசுங்கின. நான்காவது பழம் சக்கரம் பட்டதும் வழுக்கி எகிறித் தொட்டிக்குள் விழுந்தது.

ஏழுமலையின் முகம் செத்துவிட்டது.

"போச்சு மேடம்."

"என்ன போச்சு? ஒரு பழம்தானே!"

"இன்னா மேடம் இப்டி சொல்ட்டீங்க? திஷ்டி பூராவும் அதுலதான் கீது. நசுங்காம தண்ணியில சுத்திகினு இருந்தா நம்ம கதி இன்னா ஆவறது?"

பிறகு தேடிக்கொள்ளலாம் என்று அவரை அடக்கினேன். மிதக்கும் சாமான் எதுவானாலும் கடைசியில் தொட்டியின் மறுகோடியில், அலையை அடக்கச் சாய்த்துப் போட்டிருக்கும் கம்பிவலைச் சரிவில்தான் போய் ஒதுங்கும். அதனால் அவர் ஒரு கொசுவலைத் துண்டைக் குச்சியில் கட்டிக்கொண்டு அங்கே போய்க் கொக்கு மாதிரி நின்றுவிட்டார்.

பெரிய அலைக்கு நேரம் வந்தது. நான் இயந்திரத்தருகே. ஜெனிட்டா திரைமுன். அதிகாரி பாலத்தில். எங்கள் வீடியோ கேமரா மேடையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் முன் தூணில் அவர்கள் நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தோம், அலை நடுவே பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அவருடைய செல்போனும் அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அறைந்தன. கடைசியில் வந்த ராட்சச அலையில் மேடை ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. ஒரே நுரை, ஒரே சாரல். அதிகாரி கைதட்டினார்.

ஜெனிட்டா கைதட்டவில்லை. "மேடம், இங்க வந்து பாருங்களேன்" என்றாள்.

மொத்தம் ஒன்பது புரோப்களில் எட்டு சமத்தாக இருந்தன. எந்த அலையும் தளத்தைத் தொடவில்லை. ஒன்பதாவது மட்டும், பின்பக்கத் தூணுக்கு அருகே இருந்தது, ஒரே ஒரு கணம் விர்ரென்று எழும்பித் தளத்தையும் தாண்டிப் போய்விட்டுத் திரும்பியிருந்தது. அதற்கு நேர் மேலேதான் சாப்பாட்டுக் கூடம்.

அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். பிறகு போய் ஒன்பதாவது கம்பியை எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மேடம், உங்க வேவ் மஞ்சளா இருக்கு. கம்பியில சந்தனம்!"

சத்தம் கேட்டு மறுகோடியிலிருந்து வந்திருந்த ஏழுமலையைப் பார்த்தேன். ஏழுமலை கூரையைப் பார்த்தார்.

"கடைசியா கொஞ்சம் சந்தனம் மீந்துச்சு மேடம். கீழ கொட்ட மனசு வரல. கடைசி கம்பிதானேன்னு..."

"காலையில நான் துடைச்சிட்டுத்தான் மேடம் அளவு சரிபார்த்தேன்" என்றாள் ஜெனிட்டா. "கரெக்டாத்தான் காட்டுச்சு."

"நுனிவரைக்கும் துடைச்சியா?"

"மேல கை எட்டலல்லா மேடம். அங்க வரைக்குமா தண்ணி வரப்போவுதுன்னு நெனச்சி விட்டுட்டேன்."

அந்த மேல்நுனியில்தான் இப்போது தகராறே. ஈரச் சந்தனம் மின்சாரத்தை இழுத்துப் பொய்யான உயரத்தைக் காட்டியிருக்கலாம். இல்லை, அலை நிஜமாகவே அங்கே ஏறியிருக்கலாம். இரண்டில் எது என்று நாங்கள் மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தபோது, குற்ற உணர்ச்சி தாங்காமல் ஏழுமலை கேன்டீனிலிருந்து பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரைக் கொண்டுவந்து பாலத்தில் ஏறி ஒன்பதாவது கம்பியைத் தேய்க்க ஆரம்பித்தார். டிங் என்று ஒரு சத்தம். கம்பி அறுந்து அவர் கையோடு வந்தது.

"இப்ப சுத்தமாய்டுச்சு மேடம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள். புதுக் கம்பி கட்டி, தண்ணீர் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, அளவைச் சரிபார்த்து, மறுபடி அலை அடிக்க மறுநாள் ஆகிவிடும். நாளைக்கு ஒருமுறை நடத்திக் காட்டிவிடுகிறேன் என்றேன். கொசுக்காரரிடம் பலித்தது இவரிடம் பலிக்கவில்லை.

"மேடம், ப்ராக்டிகலா இருங்க. எட்டு புரோப் ஓகே. ஒன்பதாவது ஃபால்ட்டி, கணக்குல சேர்க்கலைன்னு ஒரு லைன் போட்டு சைன் பண்ணுங்க. இன்னொரு நாள் எதுக்குன்னு எங்க எம்.டி. கேட்டா நான் என்ன சொல்றது? சந்தனம்னா?"

எங்கள் இயக்குநருக்குப் போன் போட்டேன். அவர் யார் வீட்டுக் கொலுவிலோ சுண்டலோடு இருந்தார். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "எட்டு நல்லா இருக்கில்லம்மா? எட்டு போதாதா? நல்ல நாளும் அதுவுமா சண்டை போடாதீங்க" என்று வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஒன்பதாவது புரோபை ஏன் அங்கே வைத்தோம்? நான்கு தூணிலும் மோதிச் சிதறும் அலைகள் பின்பக்கத்தில்தான் வந்து சேரும். பஸ் நின்றதும் எல்லாரும் ஒரே வாசலுக்கு முண்டுவது மாதிரி முண்டி, அங்கேதான் மேலே எகிறும். எகிறும் என்று சந்தேகப்பட்டுத்தான் அங்கே வைத்தோம். அது எகிறுகிறது என்று சொன்னதும், நம்ப மாட்டோம் என்கிறோம். இது எனக்குத் தெரிகிறது. ஆனால் சொல்ல என் கையில் என்ன இருக்கிறது? சந்தனம் பூசிய, அறுந்துபோன ஒரு கம்பி. வீடியோவில் நிறுவனத்தின் பெயர் மட்டும் அழகாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. ஜெனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி தன் பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

அப்போதுதான், பழம் தேடத் திரும்பிப் போயிருந்த ஏழுமலை மறுகோடியிலிருந்து குச்சியும் கையுமாக ஓடிவந்தார்.

"மேடம்! இப்ப கையெழுத்து மட்டும் போடாதீங்கோ. பழம் இன்னும் கெடைக்கல."

அதிகாரி சிரித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவருடைய மணிக்கட்டுக் கயிறு என் கண்ணில் பட்டது. நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. மட்டமான காரணம் ஒன்று தானாக ஓடி வந்திருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? பேனாவை மூடினேன்.

"அவர் சொல்றதும் சரிதான் சார்."

"நீங்களுமா மேடம்? பி.ஹெச்.டி. பண்ணவங்க!"

"நான் நம்புறேனா இல்லையாங்கிறது கிடக்கட்டும். புது மேடை, விஜயதசமி, நீங்களே பார்த்த நல்ல நேரம். நசுங்காத பழம் உள்ள கிடக்குது. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் சாயங்காலம் முகப்பேர் பஸ் ஏறிடுவேன். கடலுக்குப் போறது உங்க மேடை. போடச் சொன்னா போட்டுடறேன்."

அவர் கை தானாகப் போய்க் கயிற்றைத் தொட்டது. "எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார்.

ஒரு எலுமிச்சம்பழத்துக்காக இப்படியொரு தேடல் எந்த நாட்டுச் சோதனைக்கூடத்திலும் நடந்திருக்காது. ஏழுமலை வலைச் சரிவை அலசினார். ஒரு பூப்பந்து வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது, ஜெனிட்டாவின் ஹேர்கிளிப் வந்தது. பிறகு ஜாதிக்காய் மாதிரி காய்ந்து கறுத்த ஏதோ ஒன்று வந்தது. ஏழுமலை அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இது போன வருசத்து பழம்."

"போன வருஷமா?" அதிகாரியும் குனிந்து அதைப் பார்த்தார். "போன வருஷம் எங்களுக்கு ஒரு டெண்டர் கைநழுவிப் போச்சு மேடம்."

அதற்குமேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், ஷூவைக் கழற்றினார், பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பாலத்தில் குப்புறப் படுத்தார். செல்போன் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தார். நான் கரையில் நின்று, இந்தக் கூத்து முடிந்தால் அடுத்து என்ன சொல்லி இழுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

"ஏ ஏழுமல!" என்று பாலத்திலிருந்து குரல் வந்தது. மும்பை, இங்கிலீஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. "அந்த கிரேன் பின்னால மஞ்சளா இன்னா கீது பாரு!"

கிரேனே மஞ்சள்தான். அதனால்தான் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. கிரேனுக்கும் சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்கும் நடுவில், தளத்தின் மேலே, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது எலுமிச்சம்பழம்.

"கெடச்சிடுச்சு மேடம்!" என்று ஏழுமலை பாலத்துக்குப் பாய்ந்து வலையை நீட்டினார்.

"தொடாதே!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வலை அப்படியே நின்றது.

அதிகாரி முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு பழத்தைப் பார்த்தார், கீழே தண்ணீரைப் பார்த்தார், மறுபடி பழத்தைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகக் கழன்றது.

"இது எப்படி மேல ஏறுச்சு?"

அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யாராவது எடுத்து வைத்திருப்பார்களோ என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் பாலத்தை விட்டால் மாதிரிக்கு வழியில்லை. அலை அடித்ததிலிருந்து பாலத்தில் ஏறியவர்கள் அவரும், கம்பியை அறுத்த ஏழுமலையும்தான். ஏழுமலைக்குப் பழம் அங்கே இருப்பது தெரிந்திருந்தால் இந்நேரம் அதை நசுக்கிக் கற்பூரமே ஏற்றியிருப்பார். அந்தச் சுவரின் அடியில் தண்ணீர் இன்னும் தேங்கி நின்றது.

"ஒன்பதாவதுதான் மேடம்" என்றாள் ஜெனிட்டா, யாருக்கும் கேட்காத குரலில்.

அதிகாரி கையை நீட்டிப் பழத்தை எடுத்தார். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு காகிதச் சமையல்காரரும் வந்தார். ஊறிப்போய், மீசை கரைந்து, கரண்டி மடங்கி. அதிகாரி அவரைப் பழத்திலிருந்து நகத்தால் மெல்லப் பிரித்து எடுத்தார்.

"உங்க கடல்ல இந்தப் பழம் ஒரு ஆட்டோ சைஸ் இருக்கும் சார்" என்றேன்.

அவர் பாலத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையல்காரரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வேலைக்குச் சேந்த புதுசுல ரெண்டு வருஷம் மேடையிலதான் மேடம் இருந்தேன். காலையில உப்புமா வாங்க இதே மாதிரி எடத்துலதான் தட்டைத் தூக்கிகினு லைன்ல நிப்போம். மழை, புயல்னு பாக்காம எங்க சமையல்காரர் ஆக்கிப் போட்டுகினே இருப்பாரு."

பிறகு எழுந்து போய்த் தன் எம்.டி.க்குப் போன் செய்தார். விமானத்தை விட்டுவிட்டேன் என்றார். அந்தப் பக்கம் ஏதோ சத்தம். "இல்ல சார். சந்தனம் இல்ல. தண்ணி. தண்ணிதான் சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜெனிட்டா புதுக் கம்பி கட்டினாள், நுனிவரை துடைத்தாள். கேமராவை அதிகாரியே பின்பக்கம் திருப்பி வைத்தார். பெரிய அலை வந்தபோது தூணின் முதுகில் தண்ணீர் விறுவிறுவென்று ஏறி, தளத்தின் விளிம்பைத் தாண்டி, சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் அறைந்ததை எல்லோரும் பார்த்தோம். ஒன்பதாவது கம்பி முதல்நாள் சொன்னதையே சொன்னது. தளத்தை உயர்த்துவது என்று முடிவாயிற்று. அறிக்கையில் "தளத்தின்மேல் சிறிய மிதக்கும் பொருள் ஒன்று காணப்பட்டது" என்று எழுதினேன். எலுமிச்சம்பழம் என்று பெயர் போடவில்லையே என்று ஏழுமலைக்கு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், பழத்தைத் தன் எம்.டி.யிடம் காட்ட வேண்டும் என்று அதிகாரி கையோடு கொண்டுபோனது. போகிற இடத்தில் ஏதாவது சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார். மும்பையில் ஒரு டாக்சியின் சக்கரம் அதன்மேல் ஏறும் வீடியோ ஏழுமலையின் போனுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் அவர் முகம் தெளிந்தது.

இதில் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு அளவை ஒதுக்கித் தள்ள நல்ல காரணம் கிடைத்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதியைச் சந்தேகப்படுங்கள். அதிகாரி சந்தனத்தைப் பார்த்துவிட்டு வந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்த முகம்தான் வரப் பார்த்தது. அப்போது கையில் வாதம் எதுவும் இல்லையென்றால் நேரத்தையாவது வாங்குங்கள். என்ன சொல்லி வாங்கினோம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஏழுமலை பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சில மாதம் கழித்து உயரமான தளத்தோடு புது மாதிரி வந்தது. அதே அலை, அதே அதிகாரி. இந்த முறை முன் தூணில் பெயர்கூட எழுதவில்லை. ஜெனிட்டா புதிதாக ஒரு காகிதச் சமையல்காரரை வெட்டி அதே இடத்தில் நிறுத்தினாள். மீசையைப் போன தடவையைவிடப் பெரிதாகப் போட்டிருந்தாள். ராட்சச அலை வந்து போயிற்று. யாரும் திரையைப் பார்க்கவில்லை. நாலு பேரும் பாலத்தில் ஏறிக் குனிந்து நின்றோம். அதிகாரி ஒற்றை விரலை நீட்டிச் சமையல்காரரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார்.

"காஞ்சு கீது" என்றார்.

"அப்ப இன்னிக்கு சோறு உண்டு மேடம்" என்றார் ஏழுமலை.